அடைக்கனின் உள்ளங்கை

இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே, ஸ்டோர் என்று சொல்லும் ஒரு தேயிலை ஆலையில், கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு இருபது வருசம் விறகு போட்டவன் அடைக்கன். தோட்டத்துத் துரை அங்கே சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தார். அது இலைக்கு. இலை கருகிவிடக் கூடாதே! ஆள் கருகினால் யார் பார்ப்பது?

ஒரு சித்திரையில், பக்கத்தில் நின்ற மாடசாமிக்கு வேர்ப்பது நின்றுபோனது. உடம்பு ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கால் மணி நேரத்தில் செத்துப்போனான்.

அன்று பிடித்த பயம் அடைக்கனை விடவில்லை. விறகு போடும்போதெல்லாம், கூட நிற்பவர்களின் பிடரியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். காய்ந்திருந்தால் வெளியே இழுத்துக்கொண்டு போய், பீலி வழியே கொட்டும் ஓடைத் தண்ணீருக்கு அடியில் உட்கார வைப்பான். ஸ்டோரைக் கவனிக்கும் டீமேக்கர் கத்துவார். கத்தட்டும். அப்படி நாலு பேர் பிழைத்தார்கள்.

1926 பங்குனியில் ஒரு மத்தியானம். கூட நின்ற சடையன் உட்பட மூன்று பேரின் பிடரியும் நனைந்திருந்தது. நிம்மதியாகத் திரும்பியவனுக்கு, அந்த அனலிலும் உடம்பு குளிர்ந்து சிலிர்த்தது. பதறிப்போய்த் தன் பிடரியைத் தொட்டான். ஈரம்தான். ஆனால் அது தன் வேர்வையா, மற்றவர்களைத் தொட்டதில் கையில் ஒட்டிய வேர்வையா?

"சடையா, என் பிடரியத் தொட்டுப் பாருடா."

சடையன் தன் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான். அடைக்கனின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.