கிழிந்த கவுனும் முதல் பரிசும்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். மலாக்கா காஜா பேராங்கில், எங்கள் தமிழ்ப் பள்ளிக் கொண்டாட்டத்துக்கு நாடகப் போட்டி வைத்தார்கள். எனக்குப் பதினோரு வயது; தலைக்கனம் அதைவிடக் கூடுதல்.

அப்போது வந்த படங்களில் ஏழைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மூன்று நாள் பட்டினி கிடந்தவள் புருவம் தீட்டி, பூ வைத்து, எட்டு நிமிடம் பாடுவாள். அவள் சேலையில் ஒட்டுப்போட்ட இடம்கூட அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும். அதைக் கேலி செய்து நானே ஒரு நாடகம் எழுதினேன்.

ஏழைப் பெண் நான். பணக்கார அம்மாளாக என் வகுப்புத் தோழி. அவள் அப்பா ஆற்றங்கரையில் மூட்டை தூக்குகிறவர். ஆனால் அவள் வாயைத் திறந்தால் பக்கத்துப் பேட்டை தெங்கேரா வரை கேட்கும், அதனால்தான் அந்த வேடம்.

எனக்குக் கந்தல் உடுப்பு வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் பஞ்சம், அப்பாவுக்குத் துணிக்கடை.

"உங்கிட்ட பழைய கவுன் ஏதும் இருக்காடி?" என்று தோழியிடம் கேட்டேன்.

"இருக்கு. ஆனா பத்திரமா திருப்பிக் குடுத்துறணும்லா."

கந்தலுக்கு என்ன பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையில், உள்ளங்கையில் ஒளித்த நனைந்த பஞ்சைக் கண்ணோரம் பிழிந்து பிழிந்து கண்ணீர் விட்டேன். நல்ல சிரிப்பு. எனக்கு அது போதவில்லை. தோள்பட்டையில் இருந்த ஓட்டையில் விரலை விட்டு 'டர்ர்' என்று இடுப்பு வரை கிழித்தேன். உள்ளே சட்டை போட்டிருந்த தைரியம்தான். கூட்டம் அதிர்ந்தது. அடுத்த தோளிலும் கை வைத்தேன்.

என் அம்மாவின் பட்டுச்சேலையில் மிடுக்காக உட்கார்ந்திருந்த தோழி துள்ளி எழுந்தாள்.

"அடியே, கிழிக்காதடி! வீட்டுல போட்டுக்க எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு!"

பணக்கார அம்மாள் பிச்சைக்காரியின் கவுனுக்கு அழுகிறாளே என்று கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணில் வந்தது பஞ்சுத் தண்ணீர் இல்லை.

முதல் பரிசு எங்களுக்கு. "அந்தக் கடைசி வசனம் பிரமாதம்! யார் எழுதினது?" என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் அப்பாவிடம் அழுது, பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கிக்கொண்டு போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கிழிச்சதுக்குத்தானே? சரி, கொண்டா. பாவம்னு குடுத்தேன்னு யார்கிட்டயாச்சும் சொன்னே, தொலைச்சிருவேன்," என்றாள்.

கிழித்ததற்கு அவள் அன்றே மன்னித்துவிட்டாள். அவள் வயிறெரிந்து சொன்னதை என் வசனம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டதற்கு மட்டும் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை, அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது.