மெட்ராஸ் பார்க்கப் போன கை

அறிவியல் கண்காட்சிக்குப் பெறப்படும் காட்சிப்பொருள், கண்காட்சி முடிந்தபின், உரிய மாணவரிடம் உரிய காலத்தில் நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது விதி. விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உரிய காலம் எது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டிருந்தது. அந்த விதி காப்பாற்றியிருக்க வேண்டியது ஒரு சத்தத்தை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு உள்ளறையில் 'டக் டக் டக்' என்று ஒரு சின்ன இரும்பு நாக்கு அடித்துக்கொள்ளும். அது ஓய்ந்த நொடியில் அடுக்களையில் மணி அடிக்கும். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். என்னைவிடச் சற்று மூத்தவளான சிவகாமி அக்காவுக்குத் தசை மெலிந்துகொண்டே போகும் நோய். முதலில் கால் போயிற்று, பிறகு கை, அந்த வருடம் குரலும் தேய ஆரம்பித்திருந்தது. தாடையை மட்டும் விருப்பம்போல் அசைப்பாள். நக்கலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைக் கேட்கப் பக்கத்தில் காதை வைக்க வேண்டியிருந்தது.

ஊரில் புதிய தொலைபேசி நிலையம் வந்து பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்டபோது, அதில் கொஞ்சம் மேலப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வந்து குவிந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்து, நாக்கு ஒழுங்காக அசைகிறதா என்று காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்ததைக் கண்டு கடைக்காரர், "எல்லாரும் எடை பாத்து வாங்குதாவ, நீ என்னலே மாம்பழம் வாங்குத மாதிரி காதுல வச்சுப் பாக்கே?" என்று சிரித்தார். எண்ணைச் சுழற்றினால் அத்தனை படி ஏறி நிற்கும் கருவி ஒன்று அதில் இருந்தது. அதை நாங்கள் 'ஏணி' என்றோம். பல்லைத் தேய்த்து மழுக்கிய ரம்பத் தகடு ஒன்றை வளைத்து அக்காவின் தாடைக்கருகே பொருத்தி, ஏணியோடு இணைத்தேன். ஒருமுறை தொட்டால் விளக்கு, இருமுறை தொட்டால் மின்விசிறி, மூன்றுமுறை தொட்டால் அடுக்களை மணி. 'கரண்டு' போனாலும் மணி அடிக்கட்டும் என்று பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றையும் சேர்த்தேன். நாலுமுறை தொட்டால் டேப் ரிக்கார்டர் மோட்டாரில் ஓடும் 'கை' ஒன்று, நுனியில் ஒட்டிய அழிரப்பரால் வாரப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டும். சில சமயம் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடும். "ஏலே, உன் கைக்கு என்னலே அவசரம்? கொலைகாரன் யாருன்னு எனக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிடணுமாக்கும்" என்பாள் அக்கா.

மாவட்டக் கண்காட்சிக்கு அதைக் காலையில் கொண்டுபோய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். முதல் பரிசு கிடைத்தது. அடுத்தது மெட்ராஸில் மாநிலக் கண்காட்சி என்றார் இயற்பியல் ஆசிரியர் எட்வின் சார். நான் தயங்கினேன். அக்காதான், "போட்டும்லே. நான்தான் மெட்ராஸ் பாக்கல, என் கையாவது பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

சார் சான்றிதழோடு திரும்பி வந்தார், பெட்டி வரவில்லை. பெரிய அதிகாரிகள் பார்வையிட வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பொருள்களை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருந்தார்கள். சீட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. அவர் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். முறையாக எழுதப்பட்ட மனுவுக்கு முறையாகப் பதில் வரும் என்பது எங்கள் வீட்டில் சிவபுராணத்துக்கு அடுத்த நம்பிக்கை. தலைமையாசிரியர் வழியாக, மாவட்ட அலுவலகம் வழியாக, உரிய மார்க்கத்தில் அவர் வரைந்து அனுப்பிய மனுவில் ஒரு கமா பிசகியிருக்காது. ரயிலேறிப் போய்க் கேட்டு வாங்கி வந்துவிடலாமே என்று எட்வின் சார் சொன்னதற்கு, "மனு நிலுவைல இருக்கப்ப ஆள் போய் நிக்கது முறையில்ல சார்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் மழை விழும்போது அக்காவின் குரல் அறைக்கு வெளியே வரவில்லை. அம்மா அரைப்பதை, தாளிப்பதை எல்லாம் பாதியில் விட்டுவிட்டு வந்து வந்து எட்டிப் பார்த்தாள். "கை அங்கனயே வேல தேடிக்கிட்டு போலுக்கு. மணியார்டர் அனுப்புதான்னு பாப்போம்" என்று சிரித்த அக்கா, ஒருநாள் என்னைக் குனியச் சொல்லி, "பைய இன்னொண்ணு செய்யேம்லே. மணி மட்டும் போதும்" என்றாள்.

இரும்புக் கடையில் இன்னோர் ஏணி கிடந்தது. பாதி வேலை முடிந்திருந்தபோது அப்பா பார்த்துவிட்டார். திட்டவில்லை. உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். "இன்னொண்ணு செஞ்சு மாட்டிட்டன்னு வையி, 'மாற்று ஏற்பாடு உள்ளது'ன்னு ஒரு வரி எழுதி ஃபைலை மூடிருவான். நம்ம கோரிக்கைக்கு உசுரு இருக்கணும்லா." பாதி முடிந்ததை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மகள்மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த போராட்டம் அதுதான்.

மார்கழியில் ஒரு மத்தியானம். அம்மா துணி எடுக்கப் புறவாசலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அக்காவின் முகம், ரம்பத் தகடு இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. சளி அடைத்து மூச்சு நின்றிருக்கிறது என்றார் டாக்டர். கூப்பிட்டிருப்பாளா, மணி இருந்திருந்தால் அம்மா வந்து சேர்ந்திருப்பாளா என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் பதிவாகாத விஷயங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா அலமாரியைத் திறந்து அந்தப் பாதி வேலையை என் மேசையில் வைத்தார். "இனி செஞ்சுக்கோ" என்றார். அதன் பிறகும் மாதம் தவறாமல் அந்த மனுவுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நானும் பிற்பாடு அரசுப் பணிக்குத்தான் போனேன். கோப்பு எந்த மேசையில் எப்படித் தூங்கும் என்பதைத் தூங்க வைக்கிறவர்களில் ஒருவனாக இருந்தே கற்றுக்கொண்டு, சமீபத்தில் விருப்ப ஓய்வு பெற்றேன். இன்று என் மகள் காற்றைப் பார்த்து "லைட்டைப் போடு" என்கிறாள், எரிகிறது. சத்தமே இல்லை. அக்காவின் குரலை அந்தக் குரல் கருவி கேட்டிருக்குமா என்று ஒருமுறை அதன் பக்கத்தில் குனிந்து, அவள் பேசிய அளவுக்கு மெதுவாகப் பேசிப் பார்த்தேன். கேட்டது. அந்த இரும்புக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பாதியில் நின்ற ஏணி மட்டும் என்னிடம் இருக்கிறது.

காட்சிப்பொருள் நல்ல நிலையில் உள்ளதென்றும், அசல் ஒப்புகைச் சீட்டுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமென்றும் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தபோது, அப்பா ஆற்றில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தார். ஒரு பிழைகூட இல்லை என்றார். பிறகு, அலுவலகத்தில் தபாலுக்குச் செய்வதுபோல, ஈரக் கையோடு பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் ஓரத்தில் அது கிடைத்த நாளைக் குறித்தார்: அக்கா போன மறுவருடத்து ஆடி அமாவாசை.