பிள்ளைச்சாவடியில் காஸ்மிக் கதிர் எண்ணிய சனிக்கிழமை

முக்கிய அறிவிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு கதிர்வேலின் மூக்கு கடந்த சனிக்கிழமை வெயிலில் உரிந்துவிட்டது. பொதுமக்கள் பதற வேண்டாம். கதிரைத் தேடிப் போன கதிருக்கு, அதாவது எனக்கு, கிடைத்த விழுப்புண் அது.

வகுப்புத் தோழி செல்விக்காகப் போனேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று வழியிலேயே உடைந்து, அதன் துண்டுகள் தூரதூர ஊர்களில் ஒரே நேரத்தில் விழுமா என்பது அவள் கேள்வி. வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சிக்கு அதைத்தான் வைக்கிறாள். கதிர் பட்டால் 'டிக்' என்னும் கைகர் கருவி இரண்டை இரவல் வாங்கியிருந்தாள்; ஒன்று என்னோடு ஊருக்கு வடக்கே பிள்ளைச்சாவடிக்கு, மற்றது வகுப்புத் தோழன் குமரனோடு தெற்கே தவளக்குப்பத்துக்கு. பத்து முதல் ஒரு மணி வரை, நிமிடத்துக்கு எத்தனை 'டிக்' என்று எழுத வேண்டும்.

8.10க்குப் பேருந்து, அறுபது காசு. இறங்கிக் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. படகு நிழலில் உட்கார்ந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கிரிக்கெட் ஸ்கோரா?"

"வானத்துலேருந்து விழறத எண்ணிக்கினு இருக்கேண்ணா."

"நல்லதா விழுந்தா எனக்கும் ரெண்டு குடு."

10.40க்கு அலுத்துவிட்டது. எதிரே கடல். பையில் செல்வி கொடுத்த மாதிரித் தாள். பகடை உருட்டி, கற்பனை எண்ணிக்கைகளாக நாற்பது தாள் போட்டிருந்தாள்; கதிர்க்கூட்டம் வந்தால் எண் எப்படி எகிறும் என்று பழக, தாளுக்கொரு நிமிடத்தில் பெரிய எண். என் தாளில் அது 12.07. இரண்டு மணி நேரம் குளித்துவிட்டு வந்து, அங்கங்கே ஒன்றிரண்டை மாற்றி, அதையே நோட்டில் இறக்கினேன்.

மாலை நாலு மணிக்குப் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாக வைத்த செல்வி கத்தினாள்: "டேய்! 12.07! ரெண்டு எடத்துலயும் ஒரே நிமிஷம்டா!"

"கண்ணு இமைக்காம எண்ணுனேன் இல்ல!" என்றேன். பிறகுதான் குமரனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவன் பையிலும் அதே தாளின் கார்பன் பிரதி; அவன் பாதியில் எழுந்து போனது சினிமா காலைக்காட்சிக்கு.

திங்கட்கிழமை பள்ளி முழுக்கப் பீற்றினேன். செல்வி கண்காட்சி அட்டையில் '12.07: இரண்டு ஊர், ஒரே நிமிடம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு எழுதினாள். அதற்கு மேல் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளிடம் எங்கள் இருவர் கதையையும் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர் அவசியம். எண்ண இரண்டு பேர் போங்கள். கடல் ஒருவனைச் சும்மா விடாது.

செல்வி திட்டவில்லை. "ரெண்டு பேரும் நெசமா ஒரே நேரத்துல எத்தினி நிமிஷம்டா எண்ணுனீங்க?" என்றாள்.

குமரன் பத்தே காலுக்கே கிளம்பியிருந்தான். "பதினஞ்சு," என்றேன்.

தலைப்பை அடித்துவிட்டு, 'பதினைந்து நிமிடம். எதுவும் தென்படவில்லை' என்று எழுதினாள். அதன் கீழே, எண்ணியவர்கள் என்று எங்கள் இருவர் பெயரையும் போட்டாள்.