பூ ஏத்தப் போன வண்டி

இப்ப எங்க கோயில்ல மைக் புடிச்சிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்ல. வெள்ளிக்கிழமை செபக் கூட்டத்துல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எழுந்து சாட்சி சொல்றாங்க. மகனுக்கு விசா கெடச்சிது, வயித்துக் கட்டி கரைஞ்சிது, ஆண்டவருக்கு நன்றி. "அம்மா, நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன்"னு என்னையும் கூப்புடுவாங்க. நான் வேணாம்னு தலைய ஆட்டிட்டு உக்காந்துடுவேன். கெழவிக்குத் திமிருன்னு நெனைக்கிறாங்க, நெனச்சிட்டுப் போகட்டும். ஆறு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் நான் அந்தக் கூத்துக்கு நின்னவ. எனக்கு அது போதும்.

எங்க ஊரு பாகூர் பக்கம். சின்னக் கோயில்தான், ஆனா மாதா திருவிழா பெருசா நடக்கும். ஏழாம் நாள், அதாவது தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், செபமாலை முடிஞ்சதும் புதுமை சொல்லுவாங்க. மாதாகிட்ட வேண்டிக்கிட்டு நல்லது நடந்தவங்க, பீடத்துக்கு முன்னால இருக்கிற கிராதிகிட்ட வந்து நின்னு, நடந்ததை சனங்க காதுல விழற மாதிரி சொல்லணும். சொன்னாத்தான் நேர்ச்சை முடிஞ்சதா அர்த்தம். சொல்லாம விட்டா, கைநீட்டி வாங்கிட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி.

கோயில்ல வலது பக்கம் ஊர்க்காரங்க, இடது பக்கம் சேரிக்காரங்க நாங்க. நடுவுல இடுப்பளவுக்கு ஒரு மரத் தடுப்பு. பூசையில நன்மை அப்பம் வாங்கக்கூட ஊர்க்காரங்க வாங்கி முடிச்ச பெறவுதான் நாங்க எழுந்திருக்கணும். வலது பக்கம் மொத வரிசையில பெரிய வூட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி. நெலமெல்லாம் அவருது, நாங்க குடியிருந்த மனையும் அவருது. அந்தக் கிராதிகிட்ட எங்க சேரிப் பொம்பளை ஒருத்தி ஊர்க்காரங்களுக்கு மொகத்தைக் காட்டி நிக்கிறதுன்னா, அது வருசத்துல அந்த ஒரு சாயங்காலந்தான். அந்தப் பொம்பளை எங்கம்மா.

பொறந்த வூட்டுல குடுத்த செவப்புச் சேலையைக் கட்டிக்கிட்டு, என்னைத் தனக்கு முன்னால நிறுத்தி, தோள்மேல ரெண்டு கையையும் வச்சிக்கும். எம்பொண்ணுக்கு வாந்திபேதி கண்டுது, நாடி விழுந்துபோச்சி, மாதாவே நீதான் கதின்னு தூக்கிட்டு ஓடினேன், மாதா எம்பொண்ணைத் திருப்பிக் குடுத்தா. அவ்வளவுதான். வருசா வருசம் அதே வார்த்தை, ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. சொல்லி முடிக்கிறப்போ என் தோள் வலிக்கும். அவ்வளவு அழுத்திப் புடிச்சிருக்கும்.

நடந்தது இன்னான்னு நான் சொல்றேன். பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கினதுக்கு அடுத்த வருசம். எனக்கு அஞ்சு வயசு, எங்கண்ணனுக்கு எட்டு. அப்பா பாண்டியில மில்லு வேலை, சனிக்கிழமைதான் வூட்டுக்கு வரும். திருவிழாவுக்கு முந்தின நாள் விடியக்காலையில எனக்கும் அண்ணனுக்கும் ஒண்ணா வாந்திபேதி. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா மூணு மணி நேர நடை, பெண்ணையாத்தையும் தாண்டணும். எங்கம்மா பெரிய வூட்டு வாசலுக்கு ஓடியிருக்குது. அங்க வண்டி பூட்டித் தயாரா நின்னுது. எங்கன்னு கேக்கிறீங்களா? கடலூருக்குத்தான். மாதா தேருக்குப் பூ வாங்க. கூண்டு வண்டி, கழுவி வுட்டு, புது வைக்கோல் பரப்பி, மேல வெள்ளை வேட்டி விரிச்சிருந்தாங்க. ஒரு ஆள்கூட ஏறல. புள்ளைங்களை ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி வுட்டா போதும் ஆண்டேன்னு எங்கம்மா காலுல விழுந்துது.

"வாந்தியும் பேதியுமா சேரிப் புள்ளைங்க படுத்த வண்டியில மாதாவுக்குப் பூ ஏத்தச் சொல்றியா?" அப்படின்னாரு பெரிய வூட்டுக்காரரு. கோவமாக்கூட சொல்லல. பக்தியாச் சொன்னாரு. வண்டி போயிடுச்சி.

வூட்டுக்கு வந்து எங்கம்மா ரெண்டு பேரையும் தூக்கிப் பாத்துது. முடியல. என்னை இடுப்புல வச்சிக்கிட்டு, அண்ணனைப் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட வுட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள திரும்பிடறேன்னு சொல்லிட்டு நடந்துது. ஏன் என்னைத் தூக்கிச்சின்னா, எனக்கு எடை கம்மி. வேற காரணமே இல்ல. போற வழியெல்லாம், ரெண்டு பேரையும் காப்பாத்திக் குடு தாயே, ஒவ்வொரு வருசமும் உன் முன்னால நின்னு புதுமை சொல்றேன்னு வேண்டிக்கிட்டே போயிருக்குது. ஆஸ்பத்திரியில எனக்குத் தண்ணி ஏத்தினாங்க, பொழைச்சிக்கிட்டேன். மறுநா அம்மா என்னைத் தூக்கிட்டு ஊரு திரும்பறப்போ தேர் வந்துக்கிட்டு இருந்துது. அவ்வளவு பூவாம். அந்தக் கூட்டத்தைச் சுத்திக்கிட்டு வூட்டுக்குப் போனா, அண்ணனைக் காலையிலயே பொதைச்சிட்டாங்க. திருவிழா நாள்ல பொணத்தைப் போட்டு வச்சிருக்கக் கூடாதுன்னு.

அடுத்த வருசம் நேர்ச்சை நெனப்பு வந்து எங்கம்மா, கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியாரைப் போய்க் கேட்டுது. கேட்டது ரெண்டு, கெடச்சது ஒண்ணு, நான் இன்னா சொல்லட்டும்னு. கெடச்சதைச் சொல்லுன்னாரு. செத்தவனையும் சேத்துச் சொல்லட்டுமான்னு கேட்டுதாம். திருவிழாவுல வந்து சாவைப் பத்திப் பேசினா சனங்க விசுவாசம் ஆடிப்போயிடும்னாரு. அப்ப அந்த வண்டியப் பத்தின்னு வாயெடுத்திருக்குது. உனக்கு மனையில குடியிருக்க ஆசை இல்லியான்னு கேட்டாராம். அப்பறம் அவரே வார்த்தை கோத்துக் குடுத்து, நாலு நாள் சாயங்காலம் வரச் சொல்லி, ஒப்பிக்க வச்சாரு.

எங்கம்மா வூட்டுல அண்ணனைப் பத்திப் பேசவே பேசாது. நான் பேச்சை எடுத்தா அடுப்பை ஊதப் போயிடும். ஆனா புதுமை சொல்லிட்டு வந்த ராத்திரி மட்டும் சாப்புடாது. பத்து வயசுக்கு மேலதான் எனக்கு அது புரிய ஆரம்பிச்சுது. நான் உசிரோட நிக்கிறதே அவனை அழிக்கிற வேலையா ஆயிடுச்சேன்னு எரியும் எனக்கு. கிராதிகிட்ட நிக்கிறப்போ, இந்தக் கதையில எங்கண்ணன் எங்கடான்னு எல்லாரு மூஞ்சியிலயும் கேக்கணும் போல இருக்கும். கேக்க மாட்டேன். நல்ல புள்ளையா நிப்பேன்.

பன்னெண்டாவது வயசுல, திருவிழாவுக்கு முன்னால எங்கம்மாவுக்குச் சளி கட்டிக் கொரலே போயிடுச்சி. பாண்டிச்சேரி காயிதப்படியும் இந்தியாவோட சேந்துடுச்சி, இனிமே எல்லாரும் ஒண்ணுன்னு ஊரெல்லாம் பேச்சா இருந்த சமயம். கோயில் தடுப்பு மட்டும் இருந்த எடத்துலயே இருந்துது. உபதேசியார் என்னைக் கூப்புட்டு, உங்கம்மா சொல்றதைத்தான் மனப்பாடமா வச்சிருப்பியே, நீயே சொல்லிடுன்னாரு. சரின்னேன்.

போயி நின்னேன். தோள்மேல கை இல்ல. வலது பக்கம் நாற்காலியில பெரிய வூட்டுக்காரரு, இடது பக்கம் தூணோரமா எங்கம்மா.

"நாங்க ரெண்டு பேரு. எங்கண்ணனுக்கும் வாந்திபேதி. எங்கம்மாவால ஒரு ஆளைத்தான் தூக்க முடிஞ்சுது. என்னைத் தூக்கிச்சி. அவன் செத்துட்டான்."

அடுத்த வார்த்தை வண்டி. நாக்கு நுனியில வந்து நிக்குது. நான் எங்கம்மாவைப் பாத்தேன். வேணாம்னு தலைய ஆட்டுச்சி, லேசாத்தான். நான் முழுங்கிட்டேன். மாதாவுக்குத் தோத்திரம்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன். அதுக்கப்பறம் எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன், பாவசங்கீர்த்தனத்துல சொல்லியும் இருக்கேன். அன்னிக்கு முழுங்கினதை மட்டும் எந்தச் சாமியாருகிட்டயும் சொன்னதில்ல.

திட்டுவாங்க, மனையைக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன். எதுவும் நடக்கல. நடந்திருந்தாத் தேவலாம். மறுநாள் திருவிழாப் பூசையில சாமியார் பிரசங்கம் வச்சாரு. ஒரு ஏழைத் தாய்கிட்ட ரெண்டு மலர் இருந்துச்சாம். ஒண்ணை அவளுக்கே வுட்டுட்டு, இன்னொண்ணை மாதா தனக்குன்னு பறிச்சிக்கிட்டாளாம். வலது பக்கம், இடது பக்கம் எல்லாம் அழுதுது. உபதேசியார் மூக்கைச் சிந்தினாரு. பெரிய வூட்டுக்காரரு துண்டால கண்ணைத் தொடைச்சிக்கிட்டாரு. நான் பாத்தேன், நெசமான கண்ணீருதான். ஏழு வருசமா இல்லாம இருந்த எங்கண்ணன் ஒரே காலையில பூவா ஆயிட்டான். நான் பாதி சொன்னேன் இல்ல? மிச்சத்தை அவங்க சொல்லிக்கிட்டாங்க.

இதுக்காக மாதாமேல எனக்குக் கோவமில்ல. இன்னிக்கும் செபமாலை சொல்லாம படுக்க மாட்டேன். அவளும் புள்ளையை வாரிக் குடுத்தவதான். அவ வண்டி கேட்டாளா, வெள்ளை வேட்டி விரிக்கச் சொன்னாளா? அவ பேரைச் சொல்லி இவனுங்க பண்ணினது அது.

அன்னிக்கு மத்தியானம் எங்க வூட்டு வாசல்ல வண்டி வந்து நின்னுது. பெரிய வூட்டு வண்டி, அதே கூண்டு, பெயிண்டு மட்டும் புதுசு. பையன் குழிக்குப் போடச் சொல்லி தேருக்கு வாங்கினதுல ரெண்டு கூடை பூ அனுப்பியிருக்காருன்னு வண்டிக்காரர் எறக்கி வச்சாரு. சேரியே வந்து நின்னு வேடிக்கை பாத்துது. பெரிய மனசுன்னு ஒருத்தர் சொன்னாரு.

எங்கம்மா பூவைப் பாக்கல. வண்டிக்குப் பின்னால போச்சி. உள்ள குனிஞ்சி, வைக்கோலை ஒதுக்கி, பலகையை ஜாணால அளந்துது. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் மெதுவா அளந்துட்டு, கையை முந்தானையில தொடைச்சிக்கிட்டு என் பக்கம் திரும்புச்சி. கொரலு இன்னும் சரியா வரல.

"நீங்க ரெண்டு பேரும் படுத்து, நானும் கால் நீட்டி உக்காந்திருக்கலாம்டி" அப்படின்னுச்சி.