ஒரே அடுப்பு, ஒரே குடும்பம்

ஒரு ஊரில் ஒரு அரசாங்கம் இருந்தது. அதற்கு ஒரு நாள் குடிமக்களின் உடம்பு மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. எங்கள் தாத்தா சொன்ன கதைகளில் இந்த மாதிரி ஆசையெல்லாம் ராஜாவுக்குத்தான் வரும்; வந்தால் மந்திரிக்குத்தான் அலைச்சல். இங்கே அலைந்தது நான். தறித் தொழிலாளி வீடுகளுக்கு மருத்துவ இன்சூரன்ஸ். பிரீமியத்தில் ஒரு பங்கை வீட்டுக்காரர் கட்டுவார், மீதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். எம்புட்டுக் கொடுக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அந்த ஆள் நான்தான்.

மதிப்பீடு என்றதும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கிற வேலை. மானியம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. குடும்பம் என்றால் யார்? ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள். அவ்வளவுதான் விதி. சென்சஸ் எடுத்தவர்கள், சோப்புத்தூள் விற்றவர்கள், வாசலில் நின்று கூப்பிட்டே பிழைத்த மற்றவர்கள் எல்லோருக்கும் என் பாடு புரியும். எனக்குக் குரல் வேறு சின்னது. தறி ஓடுகிற தெருவில் நான் “அம்மா” என்று கூப்பிடுவது எனக்கே கேட்காது.

பாகம் பிரிந்த வீடு

ராஜபாளையத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒன்றாகக் குடியிருந்த வீடு. குடும்பத்துக்குக் குடும்பம் மானியம் என்ற சேதி எனக்கு முன்னாலேயே தெருவுக்குள் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தபோது பட்டாசாலைக் கூடத்தில் வரிசையாக மூன்று மண்ணெண்ணெய் ஸ்டவ். இரண்டில் திரி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

ஆனாலும் மூன்றின் மேலும் சட்டி ஏறியிருந்தது. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே முருங்கைக்காய் சாம்பார், ஒரே நிறம், ஒரே மணம். நான் நிமிர்ந்து மூத்தவரைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “இன்னைக்குக் காலையிலதான் தம்பி பாகம் பிரிஞ்சோம். சாம்பார் மட்டும் இன்னும் பிரியல.”

லாபம் யாருக்கு?

அந்தோணி அண்ணாச்சி பேண்டேஜ் துணி நெய்கிறவர். எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவர் தறியிலிருந்து துணி போகிறது. அவர் கட்டைவிரலில் மட்டும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். “வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். உள்ளே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் அந்த இருமலை எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பிறகு அவர் கேட்டார்: “கட்டுன வருசம் நோயே வரலைன்னா துட்டைத் திருப்பித் தருவாகளா?” தரமாட்டார்கள் என்றேன். தறியை நிறுத்திவிட்டு யோசித்தார். தறியை நிறுத்தி யோசிக்கிற அளவுக்கு நான் பேசியது அன்றைக்குத்தான். “அப்ப நான் படுத்தா எனக்கு லாபம், நடமாடுனா உங்களுக்கு லாபம். நல்லாத்தான் யோசிச்சிருக்கியப்பா!”

விடை முதலில்

வெயிலில் அலைந்து தயாரித்த மதிப்பீட்டை எங்கள் சூப்பர்வைசர் சங்கரலிங்கம் சார் மேஜையில் வைத்தேன். பக்கத்தைப் புரட்டாமல் கடைசி வரியை மட்டும் பார்த்தார். “கூடுதலா இருக்கே” என்றார். “அம்புட்டு அடுப்பு இருக்கு சார்” என்றேன். ராஜபாளையத்து வெள்ளைத் திரி விவகாரம் மேலிடம் வரை போய்விட்டதாம். அடுப்பைச் சோதிக்க ஒரு அதிகாரியே நேரில் வரப்போகிறாராம். அதற்குள் எல்லா வீட்டையும் மறுபடி பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

“எவ்வளவு வரணும் சார்?” என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்க நீ என்ன பள்ளிக்கூடத்துலயா இருக்க? விடையை மேல இருந்து அனுப்பிட்டாக. நீ கணக்கைக் கண்டுபிடி.”

முன்னடுப்பும் பின்னடுப்பும்

அப்படி மறுபடி பார்க்கப் போன வீடுகளில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம், தறிக்காரர் முருகேசனுடையது. முன்னால் அவர் மனைவி செல்வியின் அடுப்பு. பின்பக்கத் தாழ்வாரத்தில் அவர் அம்மா பேச்சியம்மாளின் அடுப்பு. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. முதல் தடவை நான் கண்டதை அப்படியே எழுதியிருந்தேன்: அடுப்பு ரெண்டு. அதற்கு அர்த்தம், திட்டத்தில் மகன் உண்டு, மருமகள் உண்டு, தறி ஓட்டாத தாய்க்கு மட்டும் இடமில்லை.

பேச்சியம்மாளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை. இலவச முகாமுக்குப் போனவளைச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு இன்சூரன்ஸ் கார்டு வேண்டும். கார்டுக்கு ஒரே அடுப்பு வேண்டும். அதிகாரி வருவதற்குள் ஒன்றாகப் பொங்க ஆரம்பித்தால் திருத்தி எழுதலாம் என்று இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொன்னேன். செல்வி சுவரைப் பார்த்து, “வந்து திங்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றாள். பேச்சியம்மாள் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “கண்ணு அவிஞ்சு போறதா, இவ கையால திங்கதா, எது மேலுன்னு செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி.”

சோதனை

யோசித்து, கண்தான் மேல் என்று முடிவு செய்தாள் போலிருக்கிறது. மதுரையிலிருந்து அதிகாரி வந்த அன்று பின்பக்கத்து மண் அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அதிகாரி சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். தன் எதிரிலேயே வீட்டாரைச் சாப்பிடச் சொன்னார். செல்வி பரிமாறினாள். பேச்சியம்மாள் தட்டைத் தடவி ஒரு வாய் வைத்தாள். வைத்ததும் முகம் சுளித்தாள்.

“ஏட்டி, உப்பு எங்கட்டி?”

“நேத்து உப்புக் கரிக்குன்னீக. இன்னைக்கு உப்பு இல்லங்கீக. ஒங்க நாக்குக்கு நான் எங்க போயி வைத்தியம் பாக்க?”

“ஒங்காத்தா சமைக்கச் சொல்லித்தந்தாளா, இல்ல மாட்டுக்குக் கழனி கலக்கச் சொல்லித்தந்தாளா?”

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, கண்ணும் போச்சு கார்டும் போச்சு என்று எனக்கு வேர்த்துவிட்டது. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். “ஒரே அடுப்புன்னு எழுதிக்கோங்க. வேற வேற அடுப்புன்னா உப்புக்கு இம்புட்டுச் சண்டை வராது.”

கண் திறந்த பின்

கார்டு வந்தது. மதுரையில் ஆபரேஷனும் நடந்தது. மறு வருஷம் புதுப்பிக்கிற சமயத்தில், இந்த வீட்டிலாவது சங்கடம் இருக்காது என்று தைரியமாகப் போனேன். பேச்சியம்மாள் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, இடுப்பில் அந்த மண் அடுப்போடு நின்றாள். என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுபிடித்தாள்.

“கண்ணு எப்படி இருக்கு ஆச்சி?” என்றேன்.

“நல்லாத் தெரியுது தம்பி. அதான் ஏழரை. இத்தன நாளா இவ குழம்புல என்ன மெதந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது!”

செல்வி கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் தன் அடுப்பிலிருந்து நல்ல தீக்கங்காக ஒன்று எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து நீட்டினாள். “இந்தாங்கத்தே, அங்க போயி தீப்பெட்டி தேடிக்கிட்டு நிக்காதீக.”

பேச்சியம்மாள் சிரட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் நடந்து போய்விட, ஒரே கங்கில் எரிகிற ரெண்டு அடுப்பை எத்தனை குடும்பம் என்று மதிப்பிடுவது என மேலிடம் விடை அனுப்பாததால், பேனாவைத் திறந்தபடி நான் மட்டும் வாசலில் நின்றேன்.