பொலிசுக்குப் போன எலிகள்

சண்டைக் காலத்தில் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். வேலை, ஒப்பரேஷன் செய்த எலிகளுக்குப் பத்தியம் பார்ப்பது. எங்கள் மேடம் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிடுவார். மிச்சத் துண்டு ஏழு, பத்து நாளில் பழைய அளவுக்கு வளர்ந்து, அங்கேயே நின்றுவிடும். வளரச் சொல்லும் சிக்னல் எது என்று ஓரளவு பிடித்துவிட்டார். நிற்கச் சொல்வது எது என்பதில்தான் மனுசிக்கு நித்திரை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கேயோ குண்டு வெடித்து, ஊரடங்கு வரப்போவதாகக் கதை அடிபட்டது.

"எலியளைத் தனிய விட்டாச் செத்துப்போம். உம்மடை ரூமுக்குக் கொண்டுபோம். குளுக்கோஸ் தண்ணி மறந்திடாதேயும்," என்றார் மேடம். என் உயிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இருந்த வெள்ளவத்தையில் தமிழ்ப் பொடியன்களின் ரூமுக்குப் பொலிஸ் தேடுதல் வருவது பேப்பர்காரன் வருவது மாதிரி. மறுநாள் காலை வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே கூடு, அதற்குள் வயிற்றில் தையலோடு ஆறு எலிகள். "ஆராய்ச்சி" என்றேன். உண்மைதான், ஆனால் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. என்னையும் எலிகளையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த நாளில் ஏறினவன் எப்போது இறங்குவான் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் விசாரித்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கல்லீரல் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மல்லி," என்றார், சிங்களத்தில் தம்பி என்று. "குடிச்சுக் குடிச்சு என்ரை அண்ணனுக்கு ஈரல் போச்சு. அதுவும் இப்பிடி வளருமா?"

ஓம் என்றிருந்தால் தேத்தண்ணி தந்து அனுப்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அண்ணன் என் பேச்சை நம்பி இன்னொரு போத்தல் திறப்பானே.

"கஷ்டம் சேர். இது நல்ல ஈரல், வெட்டினா வளரும். குடியால கெட்டதும் வளரத்தான் பாக்கும், ஆனா தழும்புதான் கூடும். முதல்ல குடியை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

அவர் முகம் இறுகியது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப இது மட்டும் எப்பிடி அளவா நிக்குது?"

"அதைத்தான் சேர் நாங்களும் தேடுறம்."

வெளியே வாங்குப் பலகையில், என்னைப் போலப் பிடித்து வந்த தமிழ்ப் பொடியன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலால் அவர்களைப் பார்த்தார்.

"எங்கை நிக்கவேணும் எண்டு தெரிஞ்ச ஒண்டாவது இந்த நாட்டில இருக்கே. கூட்டைத் தூக்கிக்கொண்டு போ."

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எலியளுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

இளம் டெக்னீஷியன்களே, எலியை வீட்டுக்குக் கொண்டுபோக முன் மேலிடத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். என்னிடம் கடிதம் இருக்கவில்லை, எலியாவது இருந்தது. அந்த வாங்கில் இருந்தவர்களிடம் அதுவும் இல்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.