பதினைந்து வருடத்துக்கு விட்ட மாடி

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் சாந்த் பாஷா. எந்த ஷிஃப்டில் மெஷின் நின்றாலும் அவருக்குத்தான் ஃபோன் போகும். வந்து கரன்ட் பெட்டியைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இன்ன இடத்தில் கோளாறு என்பார், அங்கேதான் இருக்கும். கெலவரப்பள்ளி ரோட்டை ஒட்டி அவர் வீடு கட்டியிருந்த லேஅவுட்டிலும் அதே மரியாதை. மோட்டார் வாங்குவதென்றாலும் இன்வெர்ட்டர் வைப்பதென்றாலும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள். கரன்ட் சம்பந்தப்பட்டதில் தன் பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு.

வீடு கீழ்த்தளம் மட்டும். ஒரு ஹால், இரண்டு ரூம். ஒன்றில் அவரும் மனைவி ஜீனத்தும், இன்னொன்றில் மகன் ரிஹானும் மருமகளும். மகள் தில்ஷாத்தைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார்.

ஐம்பத்து நாலாவது வயதில் அவருக்கு சோலார் ஆசை வந்தது. விசாரித்ததில் இரண்டு வழி இருந்தது. சொந்தமாக வாங்கலாம், கையிலிருந்து கொஞ்சம் போட்டு, மீதிக்கு பாங்கில் லோன் எடுக்க வேண்டும், மானியம் பிறகு வரும். இல்லையென்றால் லீஸ். கம்பெனியே தன் செலவில் பேனல்களை மாட்டி, கழுவி, ரிப்பேர் பார்த்துக்கொள்ளும். மாதா மாதம் வாடகை கட்டினால் போதும். பதினைந்து வருடத்துக்கு ஒப்பந்தம். லீஸ் கம்பெனியிலிருந்து வந்த ஹரீஷ்குமார் என்ற இளைஞன், “சாருக்குத் தெரியாததா” என்று சொல்லிச் சொல்லியே விளக்கினான். வீட்டுக் கடன் அந்த வருடம்தான் முடிந்திருந்தது. இன்னொரு லோன் என்ற பேச்சே பாஷாவுக்குக் கசந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஜீனத் சொன்னாள்: “வாங்கிடலாங்க. என் வளையல் நாலு இருக்குது, அத வெச்சுக்கலாம். நம்மளுதா இருந்தா நாளைக்கு வேணும்னா கழட்டி எடுத்துக்கலாம்.”

“கழட்டறதுக்கா மாட்டறோம்?” என்று அவர் சிரித்தார்.

“அப்ப பதினஞ்சு வருசமும் மாடி அவங்களுதா?”

“மாடி நம்மளுதுதான். அது மேல இருக்கறதுதான் அவங்களுது. கரன்ட் விசயம் உனக்குப் புரியாது, விடு.”

அவள் விட்டுவிட்டாள். குழம்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு பக்கமும் படித்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை மாடியில் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. இனி யார் மாடி எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பேனல் மாட்ட வந்தவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று தூண் கம்பிகளை அறுத்தார்கள். மெஷின் சத்தம் கேட்டு ஜீனத் மேலே வந்து பார்த்தாள். ஒரு சாண் கம்பிகூட மிச்சமில்லை. இறங்கிப் போனாள்.

முதல் வருடம் பாஷா சந்தோஷமாகத்தான் இருந்தார். கரன்ட் பில் பாதியாகக் குறைந்தது. இன்றைக்கு எத்தனை யூனிட் என்று ஃபோனில் பார்த்து டீக்கடையில் சொல்வார்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில், எட்டு வயது மகள் அஃப்ரீனைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பைகளோடு தில்ஷாத் வந்து நின்றாள். அவள் புருஷன் பெங்களூரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தான். மாமியார் வீட்டில் அதைத் தெரிந்துகொண்டே மூடி வைத்திருந்தார்கள். இனி அங்கே போக மாட்டேன் என்று தில்ஷாத் ஒரே தடவைதான் சொன்னாள். பாஷாவும் போகச் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் இடம் இல்லை. ரிஹானுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஹாலில் படுக்கும் தில்ஷாத், தம்பி முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே பாயைச் சுருட்டி வைத்துவிடுவாள். விருந்தாளிபோல ஒரு ஓரமாகவே நடமாடினாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்த பாஷா, பேத்தி மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே ஏன் எழுதவில்லை என்று கேட்டார். பாப்பா தூங்குது, பக்கம் திருப்பினால் முழித்துக்கொள்ளும் என்றாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, அத்திப்பள்ளி தாண்டி இருந்த லீஸ் கம்பெனி ஆபீசுக்குப் போனார். ஹரீஷ்குமார் வேலையை விட்டுப் போயிருந்தான். சம்பங்கி என்ற பெண் அதிகாரி கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். மாடியில் ஒரு ரூம் எடுக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும், முறித்தால் மிச்ச வருடங்களுக்கான வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார். அது பாஷாவால் அன்றைக்கு முடியாத காரியம்.

“மேடம், நானே எலக்ட்ரீசியன்தான். நானே கழட்டி வெச்சு, ரூம் முடிஞ்சதும் அதுக்கு மேல மாட்டித் தந்துடறேன். ஒரு கண்ணாடியில கீறல் விழாது.”

“உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியுது சார்,” என்றார் அந்த அம்மாள். “ஆனா அது உங்களுது இல்லையே.”

முப்பது வருடமாக ஊரில் எந்தக் கரன்ட் பெட்டியையும் கேட்காமல் திறந்த கை பாஷாவுடையது. பஸ்ஸில் வரும்போது அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் இறங்கினார்.

தில்ஷாத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பத்து நாளில், தினமும் போய்வர முடியாத தூரத்திலிருந்த போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை தேடிக்கொண்டாள். தெரிந்த பெண் ஒருத்தி பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தாள். பாஷா சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். அந்த ரூமின் ஸ்விட்ச் போர்டு ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து இறுக்கினார். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

அவர்கள் போன வாரத்தில், அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜீனத், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவ வீட்டுக்காரன் விசயம் எனக்கு முன்னாடியே தெரியும்.”

பாஷா நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க லீசுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே. அத்தாகிட்ட சொல்லாதேன்னு உங்க பொண்ணு ஃபோன்ல அழுதா. என்னிக்கிருந்தாலும் வந்துடுவா, மேல ஒரு ரூம் எடுத்துக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். அதான் வளையலத் தர்றேன்னு சொன்னேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எதுக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நகையைத் தொடவிடாதவள், சோலாருக்காக வளையலைத் தருகிறேன் என்றாளே, அது ஏன் என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லையே என்பது பாஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் யூனிட் கணக்குச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மூன்று வருடம் கழித்து ரிடையர் ஆனார். பி.எஃப். பணம் வந்ததும் முதல் வேலையாக அத்திப்பள்ளி போய், லீஸ் கம்பெனி கேட்டதைக் கட்டி, பேனல்களைத் தன் பேருக்கு எழுதி வாங்கினார். ரிஹானைக் கீழே நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். அறுத்த கம்பியோடு புதுக் கம்பியை ஒட்டவைக்கத் தூண் தலையை உடைக்க வேண்டியிருந்தது. அதில் செலவும் இழுத்தது. நாலு மாதத்தில் தனிப் படிக்கட்டோடு ஒரு ரூம் எழும்பியது. அதன் மேல் பேனல்களை மாட்டி முடித்த மறுநாள் போச்சம்பள்ளிக்குப் போனார்.

தில்ஷாத் இப்போது தையல் பிரிவில் லைன் லீடர். அஃப்ரீன் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். மாடியில் ரூம் தயார், வந்துவிடு என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தில்ஷாத் டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இப்ப வேணாம், அத்தா. இவளுக்கு ஸ்கூல் இங்க நல்லா அமைஞ்சிருச்சு. எனக்கும் பழகிருச்சு.”

பாஷா வற்புறுத்தவில்லை. ஒரு மகளை வற்புறுத்தும் உரிமை தனக்கு எந்த இடத்தில் போனதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாடி ரூமில் ரிஹான் குடும்பம் குடியேறியது. அந்த வருடம் ரம்ஜானுக்கு தில்ஷாத் வந்து இரண்டு நாள் இருந்தாள். கீழே ஒரு ரூம் காலியாக இருந்தும், பழக்கத்தில் ஹாலிலேயே பாய் போட்டுக்கொண்டாள். கிளம்பும் அன்று பாஷாவோடு மேலே போய்ச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து, தூரத்தில் தெரிந்த ஏரியைப் பார்த்தாள்.

“நல்லா காத்து வருது, அத்தா,” என்றாள்.

பிறகு, பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டு படி இறங்கினாள்.